இன்ச்சு அக்கா இழுத்துப் பார்க்காத கம்பி

இன்ச்சு அக்கா என்பது மண்டபத்து வாட்ச்மேன்கள் வைத்த பெயர். திரைச்சீலை ஏறும்போது கீழே நின்று, ஒரு கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, "ஒரு இன்ச்சு மேலே. ம்ஹூம், அவ்வளவு வேண்டாம், அரை இன்ச்சு கீழே" என்று ஏணியில் இருப்பவர் உயிரை வாங்குவாள். அவள் வேன் வந்து நின்றால் போதும், "இன்னிக்கு மதியச் சாப்பாடு சாயங்காலம்தாண்டா" என்று அவள் காதில் விழும்படியே சொல்லிக்கொள்வார்கள். அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில் "ஏய், பூ குத்தற பொம்பளை" என்று கூப்பிட்டவர்களையும் பார்த்தவள். அதற்கு இது எவ்வளவோ தேவலை.

கல்யாண மேடை, வரவேற்பு வாசல், சாப்பாட்டு மேஜைக்குப் பூ என்று ஆரம்பித்த தொழில் இப்போது பிரைடல் ஷவர் வரைக்கும் வந்திருக்கிறது. கல்யாணத்துக்குச் சில நாள் முன்னால் பெண்ணின் தோழிகளும் சித்தி அத்தைகளும் மட்டும் கூடி, கேக் வெட்டி, பரிசு கொடுத்து, விதவிதமாய்ப் படம் எடுத்துக்கொள்கிற கொண்டாட்டம். ஆண்கள் வரக்கூடாது. மேடையைவிட இதில்தான் வேலை நுணுக்கம் என்பாள். கல்யாணத்தில் ஜனங்கள் தூரத்தில் இருந்து பார்ப்பார்கள். இங்கே மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு பார்ப்பார்கள்.

எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பாள், ஒன்றைத் தவிர. தலைக்கு மேலே தொங்குகிற பொருள் எதுவானாலும், கட்டினவர் சோதிக்கக் கூடாது, சோதிக்கிறவர் கட்டக் கூடாது. கட்டி முடித்ததும் அதைப் பிடித்துக்கொண்டு தன் முழு எடையையும் கொடுத்துத் தொங்கிப் பார்ப்பாள். முன்பு அவளிடம் ஏணி வேலை பார்த்தவன் சிரிப்பான். "அக்கா, நீங்க தொங்கித் தாங்கிடுச்சுன்னா இனிமே யானையையே கட்டலாம்." "கட்டுடா, யானைக்கும் கல்யாணம் வரும்ல" என்பாள், தொங்கிக்கொண்டே.

அவன் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனபிறகு அந்த ஏணியில் ஏறியவர் அவள் வீட்டுக்காரர்.

அவர் ஒரு தொழிற்சாலையில் மிஷின் பராமரிப்பில் இருந்தவர். ஒருநாள் ஒரு தகட்டைக் கழற்றி மாட்டும்போது ஒரு நட்டை முறுக்காமல் விட்டுவிட்டார். கூட வேலை பார்த்தவருக்கு விரல் போயிற்று. வேலையை விட்டு அனுப்பினார்கள். அதற்குப்பின் வெகுகாலம் டி.வி. முன்னால், சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, உட்கார்ந்தே இருந்தார். சமையலறைக் குழாய் ஒழுகினால்கூடத் தொடமாட்டார். "ஆளைக் கூப்பிடு" என்பார். அந்த மனிதரை ஏணியில் ஏற்ற அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

ஏறிய முதல் நாள், அவர் கட்டிய விளக்குச் சரத்தை இழுத்துப் பார்க்க அவள் கையைத் தூக்கினாள். மேலே இருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் இல்லை. விசாரணைக்கு நிற்கிறவர் மாதிரி நின்றார். அவள் சரத்தைத் தொட்டாள், இழுக்கவில்லை. "சரியா இருக்குங்க" என்றாள். அன்று முதல் நாலு வருஷமாகத் தொட்டுவிட்டுத் தலையாட்டுவதோடு சரி. மனுஷன் இப்போதுதான் வீட்டில் சத்தமாகத் தும்மவே ஆரம்பித்திருக்கிறார், அதைக் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டாள்.

அன்றைய பிரைடல் ஷவர் ஒரு சின்ன ஹோட்டலின் மாடி ஹாலில். ஹாலின் நடுவே, கூரைக் கொக்கியில் இருந்து, நட்டு போட்டு இறுக்கிய மூன்று கம்பிகளில் ஓர் இரும்பு வளையம் தொங்கியது. இரண்டு கையையும் விரித்தால்தான் எட்டும் அகலம். அது முழுக்க வெள்ளை ரோஜாவும், வெளுத்த பீச் பழ நிறத்தில் வேறு பூக்களும். அதற்கு நேர் கீழே கல்யாணப் பெண் உட்காரப்போகிற நாற்காலி. காலையில் அவர் கட்டி முடித்தார், அவள் தொட்டுத் தலையாட்டினாள், அவர் மீதி சாமான் எடுக்கக் கீழே போனார்.

அப்போது பெண்ணின் சித்தி வந்தாள். விருந்தை நடத்துகிறவள் அவள்தான். அவள் சொன்னதற்கு அந்தக் குடும்பத்தில் மறு பேச்சு இல்லை. கட்டு சரியா இருக்கு என்று இன்ச்சு அக்கா சொன்னதும், வளையத்தைச் சுற்றி வந்து உதட்டைப் பிதுக்கினாள்.

"என்னம்மா இது, இவ்வளவு இளைச்சுப் போயிருக்கு. டயட்ல இருக்கா? இன்னும் ஒரு மடங்கு பூ வைங்க."

இன்ச்சு அக்காவிடம் பூ குத்துகிற வேலைக்கு இருக்கும் பெண் ஏணியில் ஏறி, தண்ணீரில் ஊறிய பச்சை ஸ்பாஞ்சுக் கட்டிகளை வளையத்தில் வரிசையாய்க் கட்டி அதில் பூவைக் குத்தினாள். காய்ந்தால் காற்றில் பறக்கிற அந்தக் கட்டி, ஊறினால் செங்கல். இன்ச்சு அக்காவுக்கு அது தெரியாதா என்ன. நேரம் துரத்தியது. வீட்டுக்காரரைத் திரும்ப ஏறிப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள், அதற்குள் சித்தி, "ஆம்பளைங்க எல்லாரும் கீழ போயாச்சுல்ல?" என்று ஏணியையும் கீழே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அவர் கீழே வேனில் இருந்தார்.

மேஜைக்குப் பூ வைத்துவிட்டு நிமிர்ந்த இன்ச்சு அக்காவின் கண்ணில் அது பட்டது. வளையத்தின் ஜன்னல் பக்கம் சற்று இறங்கி இருந்தது.

"ஏய், ஜன்னல் பக்கம் அதிகமா வச்சுட்டியா?"

"இல்லக்கா, சுத்தி ஒரே மாதிரிதான் வச்சேன்" என்றாள் பூ குத்துகிற பெண். "ஏன்?"

"சாய்ஞ்சிருக்கு."

"உங்க கண்ணுக்கு எங்க வீட்டுப் பாப்பா மூக்குகூடச் சாய்ஞ்சுதான் இருக்கு."

இன்ச்சு அக்கா சிரிக்கவில்லை. ஜன்னலின் மேல் சட்டத்தைக் குறி வைத்துக்கொண்டு ஒரு கண்ணை மூடினாள். பூவின் விளிம்பு சட்டத்தை ஒட்டி நின்றது. தண்ணீர்ப் பாட்டில்களை அடுக்கிவிட்டு வந்து மறுபடி பார்த்தாள். விளிம்புக்கும் சட்டத்துக்கும் நடுவே கட்டைவிரல் அகலத்துக்குச் சுவர் தெரிந்தது.

பாரம் ஒருபக்கமாக இருந்தால் சாய்ந்து அப்படியே நிற்கும். இது நிற்கவில்லை. கம்பி நழுவுகிறது.

அவரைக் கூப்பிட்டால் இத்தனை பெண்களுக்கு நடுவில் அவர் கட்டிய கட்டை அவரையே அவிழ்க்கச் சொல்ல வேண்டும். நட்டு, நழுவல், யாருக்கோ அடி என்று எல்லாம் மறுபடி அவர் தலையில் வந்து உட்காரும். இப்போதைக்கு நாற்காலியை நகர்த்திவிடலாம், விருந்து முடிந்ததும் இறக்கிக்கொள்ளலாம் என்று ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். அதற்குள் லிப்ட் திறந்து தோழிகள் கூட்டம் உள்ளே வந்தது. நடுவில் கல்யாணப் பெண்.

"நாற்காலி ஏன் அங்க போச்சு?" என்றாள் சித்தி.

"இங்க வெளிச்சம் நல்லா இருக்கு மேடம். முகம் பளிச்சுன்னு விழும்."

"பளிச்சுன்னு விழ அவ முகமே போதும். வளையத்தை எதுக்குத் தொங்க விட்டோம்? வேடிக்கை பார்க்கவா?" சித்தியே நாற்காலியைப் பழைய இடத்துக்குத் தள்ளினாள். அதற்குள் இரண்டு தோழிகள் வளையத்துக்குக் கீழே நின்று கன்னத்தோடு கன்னம் வைத்துப் படம் எடுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"இந்தப் பக்கம் வந்துடுங்கம்மா, மேல இருந்து தண்ணி சொட்டுது. பட்டுல கறை விழுந்துடும்."

உயிருக்குப் பயப்படாதவர்களும் புடவைக்குப் பயப்படுவார்கள். இருவரும் துள்ளி விலகினார்கள். இன்ச்சு அக்கா மூச்சு விட்டாள். ஆனால் சித்தி சளைக்கவில்லை.

"யார்கிட்டடீ ஹேர் டிரையர் இருக்கு? காய வச்சுடலாம்."

"அதெல்லாம் வேண்டாம் சித்தி" என்றாள் பெண். பரிசுப் பொதிகளுக்கு நடுவே யாரோ கொண்டுவந்திருந்த, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் குடையை எடுத்து விரித்தாள். "இதைப் பிடிச்சிட்டு உட்கார்ந்துக்கறேன். படமும் நல்லா வரும்."

"பார்த்தியா எங்க பொண்ணு மூளையை" என்றாள் சித்தி. தோழிகள் கைதட்டினார்கள். பெண் பாவாடையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு நாற்காலியை நோக்கி நடந்தாள்.

இன்ச்சு அக்கா பூ குத்துகிற பெண்ணின் தோளை அழுத்தினாள். "ஓடிப்போய் அவரை ஏணியோட வரச் சொல்லு." பிறகு ஹாலின் குறுக்கே போய் நாற்காலிக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"உட்காராதேம்மா."

"என்ன ஆன்ட்டி?"

"யாரும் கிட்ட வராதீங்க. தண்ணி சொட்டுதுன்னு சொன்னது சும்மா. இது விழுந்தாலும் விழும்."

"காலையிலதானே சரியா இருக்குன்னு சொன்னே?" சித்தியின் குரல் ஏறியது. "இப்ப வந்து குழப்பறே?"

"சொன்னேன். இப்ப சொல்றேன், அந்தக் கட்டு மேல எனக்கு நம்பிக்கை இல்லை."

எல்லோரும் அவள் தோளுக்குப் பின்னால் பார்ப்பதைக் கண்டு திரும்பினாள். கதவருகே, ஏணியைத் தோளில் வைத்தபடி, அவள் வீட்டுக்காரர் நின்றிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

அவர் யாரையும் பார்க்கவில்லை. ஏணியை விரித்தார், ஏறினார், கொக்கியருகே முகத்தைக் கொண்டுபோனார்.

"கயிறு எடு" என்றார்.

கயிற்றை வளையத்தில் கட்டி, கொக்கி வழியே மேலாகப் போட்டு, மறுமுனையைக் கீழே விட்டார். "இடுப்புல ஒரு சுத்து சுத்திப் பிடிங்க ரெண்டு பேரும். விடாதீங்க." இன்ச்சு அக்கா முன்னாலும் பூ குத்துகிற பெண் பின்னாலும் நின்றார்கள். முதல் கம்பியைக் கழற்ற ஸ்பானர் போட்டுத் திணற வேண்டியிருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் ஸ்பானர் வைக்கவே இல்லை. விரலால் தட்டினார், கம்பி உருவிக்கொண்டு வந்துவிட்டது.

பாரம் முழுவதும் அவள் கைக்கு வந்தது. உள்ளங்கை எரிந்தது. அவள் நினைத்திருந்ததைவிட இரண்டு மடங்கு கனம். வளையம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கித் தரையைத் தொட்டபோது, ஊறிய ஸ்பாஞ்சு அழுந்தித் தண்ணீர் நாலு பக்கமும் ஓடியது. பெண் குடையை மெதுவாக மடக்கினாள்.

"தரையில கிடக்கறதுக்கா இவ்வளவு பூ கேட்டேன்?" என்றாள் சித்தி.

"சித்தி, கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் பெண்.

வளையத்தை ஜன்னல் சுவரில் சாய்த்து வைத்து, முன்னால் நாற்காலியைப் போட்டார்கள். தோழிகள் படம் எடுத்தார்கள். நன்றாகத்தான் வந்தது என்றாள் ஒருத்தி. சித்தி கிட்டவே வரவில்லை. கல்யாண மேடைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று கேக் வெட்டும் முன்பே சொல்லிவிட்டாள். இன்ச்சு அக்கா சரி என்று தலையாட்டினாள். அவள் கவனம் கதவுக்கு வெளியே இருந்தது.

அவர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்.

"மூணாவது கம்பியோட நட்டு கையால திருகினதோட நின்னிருக்கு" என்றார். "ஸ்பானரை எடுக்கப் போனேன். நாற்காலி வந்திருக்குன்னு கூப்பிட்டாங்க, இறங்கிட்டேன். மறந்துட்டேன்."

அவள் ஒரு படி கீழே உட்கார்ந்தாள்.

"காலையில நீ தொங்கிப் பார்த்தே இல்ல? அப்ப எப்படித் தாங்குச்சு?"

"தொங்கலைங்க. தொட்டுப் பார்த்தேன்."

"அவசரத்துலயா?"

பொய் சொல்ல இடம் இருந்தது. அவரே வாசலைத் திறந்து வைத்திருந்தார்.

"இல்லைங்க. நீங்க கட்டினது எதையும் நான் இழுத்துப் பார்த்ததே இல்லை. முதல் நாள்லேர்ந்து."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். ஹாலுக்குள் யாரோ சிரித்தார்கள்.

"நான் எதை மறந்தாலும் கீழ நீ இருக்கேன்னு நினைச்சேன்" என்றார். "அந்த தைரியத்துலதான் ஏணியில காலையே வச்சேன். நாலு வருஷமா யார் தலைக்கு மேல என்னத்தைத் தொங்க விட்டிருக்கேன்னு எனக்கே தெரியாது இப்ப."

"உங்க முகத்தைப் பார்த்தேன். மனசு வரலை."

"என் முகத்தைப் பார்த்தே. உள்ள குடை பிடிச்சிட்டு வந்துதே, அந்தப் பொண்ணு முகம்?"

அவள் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கயிறு உரசிய இடம் சிவந்திருந்தது. "பூவைக் கூட்டினதும் நான்தான். உங்களைத் திரும்ப ஏறிப் பார்க்கச் சொல்லியிருக்கணும்."

"அதுவும்தான்" என்றார். அதில் அவளுக்கு எந்தத் தள்ளுபடியும் கொடுக்கவில்லை.

"கஷ்டப்படுவீங்களேன்னு..."

"கஷ்டமாத்தான் இருந்திருக்கும். இருந்துட்டுப் போகட்டுமே."

சாமான்களை ஏற்றிக்கொண்டு வீடு திரும்பினார்கள். வீட்டில் இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், "தண்ணீர் வேண்டுமா", "வேண்டாம்", அதோடு சரி. அவர் டி.வி.யைப் போடவில்லை. அவள் அதைக் கெட்டதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்வதா நல்லதற்கா என்று தெரியாமல் பாத்திரம் கழுவினாள்.

அந்த வாரக் கடைசியில் ஒரு சின்னக் கல்யாண வரவேற்பு. மேடைக்கு மேலே மூங்கில் சட்டத்தில் பூச்சரம். அவர் வரமாட்டார் என்று நினைத்து வேறு ஆளுக்குச் சொல்லி வைத்திருந்தாள். வேன் சாவியை எடுத்துக்கொண்டு அவர்தான் முதலில் வீட்டுப் படி இறங்கினார். மண்டபத்தில் ஏணியில் ஏறினார், கட்டினார், இறங்காமல் அங்கேயே நின்றார்.

"இழு" என்றார்.

அவள் சட்டத்தைப் பிடித்தாள். நிமிர்ந்து பார்க்க வேண்டாம் என்றுதான் நினைத்தாள், பார்த்தாள். அதே முகம், அதே விசாரணைக் கூண்டு. கண்ணை எடுக்காமல் கால்களைத் தரையில் இருந்து தூக்கித் தொங்கினாள். சட்டம் கிறீச்சிட்டது.

"இடது பக்கம் இளகுதுங்க. இன்னொரு சுத்து."

அவர் முகம் இறுகியது. குனிந்து இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

"இழு."

தொங்கினாள். "இன்னும் கொஞ்சம்."

"எவ்வளவு கொஞ்சம்?"

"முடிச்சை மறுபடி போடுங்க. அது எனக்குப் பிடிக்கலை."

வாசலில் நின்ற வாட்ச்மேன் கூட இருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். ஏணியில் நின்றவர் பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சை அவிழ்த்தார். அந்த வாரம் முழுக்க வீட்டில் இரண்டு பேரும் பேசிக்கொண்டதைவிட அந்த ஏணியடியில் பேசிக்கொண்டதுதான் அதிகம்.