அம்மாவின் தலையாட்டல்

பிள்ளைகளே, நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டு அன்னாசி லாரி ஓட்டப் போனவன். பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் உங்கள் அம்மாவைப் பற்றி நான் எழுதுவது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் போன வருடம் அவள் அந்த வேலையையே விடப் பார்த்தது உங்களுக்குத் தெரியாது.

வகுப்பில் ஒரு மலாய்ப் பெண் எழுந்து தன் ஆய்வைப் பற்றிப் பேசியிருக்கிறாள். நன்றாகத்தான் பேசினாளாம். பாதியில் குரல் உடைந்து, அழுதுகொண்டே வெளியே ஓடிவிட்டாள். அம்மா குறையாக ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லையாம். அதற்கு முன் ஒரு பையனும் இப்படித்தான் திணறி உட்கார்ந்துவிட்டானாம்.

“எம் மூஞ்சியப் பாத்தாலே பிள்ளைங்களுக்குப் பயம் வருதுங்க. எனக்கு இந்த வேல சரிப்படாது. விட்டுடலாமான்னு இருக்கு.”

“அதுங்களுக்குத் தைரியம் இல்லன்னா நீ என்ன செய்வ?” என்றேன். அவள் எழுந்து போனாள். பின்னாலேயே போய், “அந்தப் பொண்ணயே கேட்டுப் பாரேன்லா” என்றேன்.

“நான் என்னம்மா தப்பு செஞ்சேன்னு மாணவிகிட்டப் போய்க் கேக்கறதா? அப்புறம் யாரு மதிப்பா?”

சில நாள் தூங்காமல் கிடந்தாள். பிறகு ஒரு காலையில், “என்னங்க, கூட வாங்க. நீங்களே கார ஓட்டுங்க, அந்தப் பொண்ணக் கேட்டுடறேன்” என்றாள்.

நான் காரிலேயே இருந்தேன். கேன்டீனில் அந்தப் பெண்ணைப் பார்த்துப் பேசிவிட்டு, கண்ணைத் துடைத்தபடி, சிரித்தபடி வந்தாள்.

“அலமாக்! அவ பேசப் பேச நான் ‘இல்ல, தப்பு’ன்னு தலையாட்டுனேனாம்! நம்ம தலையாட்டலுங்க அது! ‘ஆமா, நல்லா சொல்ற’ன்னு ரெண்டு பக்கமும் ஆட்டுவோமே!”

“அப்ப அந்தப் பையன்?”

“அவனும் அதான் நெனச்சிருப்பான். பாவம்.” கார்க் கதவைப் பிடித்தபடி குனிந்தாள். “கேட்டதுக்கு அவ என்னைய எளக்காரமா பாக்கலைங்க. எங் கையப் பிடிச்சிக்கிட்டா. இப்ப வகுப்புல எல்லாருக்கும் சொல்லிடப் போறேன். சிரிச்சா சிரிக்கட்டும்.”

பிறர் மனதில் இருப்பதை நாமே ஊகித்துக்கொண்டு நோவதைவிட, கேட்டுவிடுவது நல்லது. ஆனால் அப்படிக் கேட்க எவ்வளவு தைரியம் வேண்டும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

அவள் வகுப்புக்குள் போனதும் போனை எடுத்தேன். அவள் வேலையை விட்டால் வீடு தடுமாறக் கூடாதே என்று, சிங்கப்பூரில் லாரி ஓட்டும் நண்பனிடம் எனக்கும் அங்கே ஒரு வேலை பார்க்கச் சொல்லியிருந்தேன். அவளுக்குத் தெரியாது. “இப்ப வேணாம்லா” என்று அவனுக்கு அனுப்பிவிட்டு, அந்தச் செய்தியை அழித்தேன்.