அப்பா நின்று நின்று பேசினார்

மஸ்கட்டிலிருந்து அப்பா அனுப்பிய முதல் மெமரி கார்டு ஒரு பேரீச்சம்பழப் பொட்டலத்துக்குள் இருந்தது. கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் அப்பாவோடு வேலை பார்த்து, அவரோடே வெளிநாடு போன ஒருவர் விடுமுறையில் வந்தபோது கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு அப்போது பத்து வயது. நானும் அம்மாவும் காக்களூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். தகரத்தை அழுத்தி டப்பா மூடி செய்கிற பிரஸ் கம்பெனி ஒன்றில் அம்மா வேலை செய்தாள்.

படம் பிடித்து அனுப்பச் சொன்னது அம்மாதான். அப்பா வெள்ளிக்கிழமைதோறும் போன் செய்வார். அம்மா எடுத்து, "நல்லா கீறீங்களா, சாப்ட்டீங்களா" என்று கேட்பாள். பதிலுக்குக்கூடக் காத்திராமல் போனை என் கையில் திணித்துவிடுவாள். "நீ பேசு பாப்பா. அப்பா இன்னா சொல்றாருன்னு என்கிட்ட சொல்லு."

நான் அம்மாவுக்கு எதிரே நின்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வேன். புருஷனோடு பேச அம்மாவுக்கு வெட்கம் என்று நினைத்தேன். எனக்கு அது பெரிய உத்தியோகமாகவும் இருந்தது. அப்பா சொன்னதில் எனக்குப் பிடிக்காத பகுதிகளை, உதாரணமாக நான் டியூஷன் போகவேண்டும் என்பதை, நடுவிலேயே விழுங்கிவிட முடிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அம்மா, "பேசி இன்னா ஆவுது, படம் புடிச்சி அனுப்ப சொல்லு. மொகத்த பாக்கணும்" என்றாள். அதையும் நான்தான் சொன்னேன்.

எங்களிடம் இருந்த கம்ப்யூட்டரைச் சேர்த்துக்கொடுத்தவர் மாமா, அம்மாவின் தம்பி. திருவள்ளூர் ஸ்டேஷன் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் இருந்தார். அது ஒரு கம்ப்யூட்டர் என்று சொல்வதைவிட, செத்துப்போன மூன்று கம்ப்யூட்டர்களின் மிச்சம் என்று சொல்வதுதான் நியாயம். படம் வரைவதற்கும் சீட்டு விளையாடுவதற்கும் அது போதும் என்றிருந்தது.

கார்டைச் செருகினேன். ஐந்து வீடியோ படங்கள் இருந்தன. முதலாவதைத் தட்டியதும் திரை முழுக்க அப்பா வந்தார். மூக்கின் மேல் இருக்கும் வெட்டுத் தழும்புகூடத் தெரிந்தது. "பாப்பா, நல்லா படிக்கிறியா?" என்றார். சொல்லும்போதே வாய் பாதி திறந்தபடி முகம் நின்றுவிட்டது. குரல் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து முகம் ஒரு குதி குதித்தது. அப்போது அவருடைய கை எப்படியோ தலைக்கு மேல் போயிருந்தது. மறுபடி நின்றது. கன்னம் கட்டம் கட்டமாக உடைந்தது.

எனக்கு அதுவே போதும். "அதான் பேசுறது நல்லா கேக்குதுல்லம்மா" என்றேன்.

"நிறுத்து" என்றாள் அம்மா. "மொகம் ஓடாம இன்னாத்த பாக்கறது? சரியா ஓடட்டும், அப்பால பாக்கலாம்."

மீதி நான்கு படங்களைத் திறக்கவே விடவில்லை. நான் எனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்தேன். அணைத்துப் போட்டேன். திறந்திருந்த விளையாட்டுகளை மூடினேன். படத்தைச் சின்னதாக்கினால் கொஞ்சம் ஓடியது, ஆனால் அப்பா தீப்பெட்டி அளவுக்கு வந்துவிட்டார். அம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு, திரையில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள். பிறகு எழுந்து போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா பையோடு வந்தார். ஓட்டிப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார். "அங்க ரூம்ல எவனோ புது கேமரா வாங்கிகிறான்க்கா. படம் ரொம்ப பெருசு. இந்த மிசினால இத தூக்க முடில, மூச்சு வாங்குது. படத்த கொறைச்சிட்டா ஓடிடும்."

குறைப்பதற்கே காலைப் பொழுது போயிற்று. ஓட்டினோம். எங்கும் நிற்காமல் தண்ணீர்போல ஓடியது. ஆனால் அப்பாவின் முகம் தோல் உரித்த உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது. நான் கைதட்டினேன். அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல வாயே தெரிலியேடா."

"வாய வச்சிகினு இன்னாக்கா பண்ணப்போற? அவரு பேசுறது கேக்குதா இல்லியா?"

அம்மாவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "உன்னால முடியாதுன்னா சொல்லிடு. வேற யாருன்னா வந்து பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் போனாள். பாத்திரங்கள் சத்தமாக விழுந்தன. வேறு யாராவது என்ற வார்த்தை மாமாவைக் குத்திவிட்டது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கம்ப்யூட்டரைத் தரையில் இறக்கிப் பிரித்தார்.

உள்ளே காற்றாடி சுற்றுவதற்கே இடமில்லாமல் தூசி அடைத்திருந்தது. என் டிராயிங் பிரஷ்ஷால் கூட்டி எடுத்தார். பையிலிருந்து ஒரு மெமரிப் பலகையை எடுத்து, ஏற்கெனவே இருந்ததன் பக்கத்தில் செருகி, பெட்டியை மூடி மேசைமேல் ஏற்றினார். பிறகு எதையோ தேடிப் பார்த்து, "படத்த ஸ்கிரீனுக்கு அனுப்புற டிரைவரே இதுல போடலியே. எவன்டா இத ரெடி பண்ணான்?" என்று கத்தினார். ரெடி பண்ணினவர் அவர்தான். நாங்கள் இரண்டு பேருமே அதை நினைவுபடுத்தவில்லை. அதையும் சிடியிலிருந்து ஏற்றி, அப்பா அனுப்பியபடியே இருந்த படங்களைக் கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்குள் நகலெடுத்து முடித்தபோது சாப்பாட்டு வேளை தாண்டியிருந்தது.

"இப்ப பாருக்கா" என்று இதுவரை திறக்காத மூன்றாவது படத்தைத் தட்டினார்.

அப்பா அடுக்குக் கட்டிலின் கம்பியில் சாய்ந்தபடி பேசிக்கொண்டிருந்தார். தழும்பு தெரிந்தது. முகம் ஓடியது, கை ஓடியது, எதுவும் நிற்கவில்லை. சத்தம் மட்டும் வரவில்லை. பெட்டியைப் பிரித்தபோது ஸ்பீக்கர் ஒயர் கழன்றிருந்தது. மாமா மேசைக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

அப்போது அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கு நினைவு தெரிந்து அம்மா அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை.

"பாவம்டா இவரு. அந்த சமையக்காரன் சாம்பார்ல உப்புக்கு பதிலா சக்கரைய கொட்டிட்டானாம். அதையும் துன்னுகிறாரு."

மாமாவின் கை மேசைக்குப் பின்னாலேயே நின்றுவிட்டது.

நான்தான் ஒயரைத் தேடிச் செருகினேன். படத்தை முதலிலிருந்து ஓட்டினேன். "...உப்புனு நெனச்சி சக்கரைய கொட்டிட்டாம்மா..." என்றார் அப்பா. எனக்கு மயிர் கூச்செறிந்தது. கல்யாணமானவர்களுக்குள் இப்படி ஒரு சக்தி வந்துவிடும்போல, அப்பா மனசில் நினைப்பது அம்மாவுக்குத் தெரிந்துவிடுகிறது என்று முடிவு செய்தேன். மறுநாள் வகுப்பில் எல்லாரிடமும் சொன்னேன்.

மாமா எழுந்துவந்து அம்மாவுக்கும் திரைக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தார். அவருடைய உதடு அசைந்தது, குரல் வரவில்லை. தூசியில் தொண்டை கட்டிக்கொண்டது என்று நினைத்தேன். அம்மாவின் சிரிப்பு மெல்ல மெல்லப் போயிற்று.

"ரெண்டு வருசமா" என்றாள். கொஞ்சம் கழித்து, "அவருகிட்ட சொல்லிடாதடா. தெரிஞ்சா அங்க இருக்க மாட்டாரு. பொட்டிய தூக்கினு வந்துடுவாரு" என்றாள்.

கம்ப்யூட்டர் பழுதைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்தேன். அது வந்தே நான்கு மாதம்தான் ஆகிறது, அம்மா கணக்குத் தப்பாகச் சொல்கிறாளே என்றும் நினைத்தேன். மாமா சட்டையை மாட்டிக்கொண்டு, சாப்பிடாமலே கிளம்பிப் போனார்.

நான் பன்னிரண்டாவது படிக்கும்போது அம்மா காதுக்கு மெஷின் வைத்தோம். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துத்தான் மாமா எனக்கு எல்லாவற்றையும் சொன்னார். பிரஸ் மெஷின் பக்கத்திலேயே வருஷக்கணக்காக நின்று, அம்மாவின் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருந்தது. சத்தம் விழும், வார்த்தை பிரியாது. கம்பெனியில் தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள் என்று, கேட்காததற்குச் சாக்காகக் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, எதிரில் நிற்பவர்களின் வாயைப் பார்த்தே சமாளித்திருக்கிறாள். போனில் வாய் தெரியாது. என் வழியாக வந்த அப்பாவில் நான் விழுங்கியதுபோக மிச்சம்தான் அவளுக்குக் கிடைத்தது. நான் பக்கத்திலேயே இருந்தேன். எனக்குத் தெரியவில்லை.

மாமா கம்ப்யூட்டரைப் பிரித்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இரண்டு மாதம் கழித்து அடுத்த கார்டு வந்தது. அதில் ஒரே ஒரு படம். கம்ப்யூட்டர் அதை எங்கும் நிறுத்தாமல் ஓட்டியது. ஆனால் இந்த முறை அப்பாவே நின்று நின்று பேசினார். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார்ந்திருந்தார். மீசையை மேலுதடு தெரிய வெட்டியிருந்தார். கேமராவுக்கு வெகு பக்கத்தில் வந்து, வாயை நன்றாகத் திறந்து, ஒரு வார்த்தை சொல்லி, நிறுத்தி, அடுத்த வார்த்தை சொன்னார்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இன்னாம்மா இது, எல்கேஜி மிஸ் மாதிரி பேசுறாரு!" என்று அம்மாவைத் தொட்டேன்.

அம்மா சிரிக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். படம் முடிந்ததும் என் கையை எடுத்துவிட்டு, அவளே மவுஸைப் பிடித்துத் தட்டுத்தடுமாறி மறுபடி ஓட்டினாள்.

"நீ போயி வெளையாடு பாப்பா" என்றாள் திரும்பாமலே.

வெளியே வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, படம் நின்னா கூப்புடு, நான் வந்து பாக்கறேன்" என்று கத்தினேன். அம்மா திரும்பவில்லை. இன்னொரு தடவை கத்தினேன். அப்பாவைப் பார்த்துவிட்டால் அம்மாவுக்கு நான் கண்ணுக்கே தெரிவதில்லை என்று கோபித்துக்கொண்டு விளையாடப் போனேன்.