டல்சி படுத்துப் பார்க்கும் இடம்

புல்வெட்டும் வண்டியை அணைத்துவிட்டு, தொப்பியை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, தன் இடத்தில் மல்லாந்து படுத்திருக்கிறார் டல்சி பாஸ்கோ. கண்கள் மூடியிருக்கின்றன. வாய் மூடவில்லை.

"இடுப்புக்குக் கீழ ஒரு கல்லு குத்துது. செத்தப்புறம் குத்துனா யாருகிட்ட சொல்றது? இப்பவே எடுத்துரணும்."

இங்கே முதலில் காடு வெட்டிக் குடியேறியவர்களின் கல்லறைத் தோட்டம் இது. யூகலிப்டஸ் பட்டை உரிந்து விழும் சின்ன இடம். எப்போதோ மூடியாயிற்று. உள்ளே கிடப்பவர்களின் வாரிசுக்கு மட்டும், சொந்தக்காரர் பக்கத்தில் இடம் உண்டு. டல்சிக்கு அங்கே கொள்ளுத்தாத்தா ஜோப் இருக்கிறார். நகரத்துப் புதுக் கல்லறை டல்சிக்கு ஆகாது. "கார் நிறுத்துற இடம் மாதிரி இருக்கு. பக்கத்துல யாருன்னே தெரியாது."

இங்கே எல்லோரையும் தெரியும். வண்டி ஓட்டும்போதே கல்லறைகளைப் பார்த்துக் குரல் கொடுப்பார்: "மிஸஸ் ஹாலிடே, காலை மடக்குங்க, மிஷின் வருது."

போன மாதம் வாம்பாட் என்கிற குட்டைக்கால் காட்டு விலங்கு ஒன்று, ஜோப்பின் கல்லுக்கடியில் வளை தோண்டி, ஒரு கொம்பை வெளியே தள்ளிவிட்டது. நுனியில் பித்தளைக் குமிழ். வளையை மூட வந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். மண்டை, விலா, குளம்பு. முழுசாக ஒரு வண்டிமாடு. ஜோப் இல்லை.

கல்லறைத் தோட்டக் கமிட்டி கூடியது. தலைவர் நெவில், டல்சியோடு ஒரே வகுப்பில் படித்தவர். ஜாம் தடவிய ஸ்கோன் பன்னைக் கீழே வைத்தார்.

"எங்க தாத்தா அப்பவே சொல்லுவாரு. ஜோப் தங்கம் தேடப் போறேன்னு ஓடிப்போயிட்டான். பொண்டாட்டி வெக்கப்பட்டுக்கிட்டு, செத்துட்டான்னு ஊருக்குச் சொல்லி மாட்டைப் புதைச்சிருக்கா. சொந்தம் இருந்தாத்தான் இடம், டல்சி. உனக்கு அங்க யாரு இருக்கா?"

"மாடு இருக்கே."

"மாடு சொந்தமா?"

"உங்க ஆளுங்க பெட்டி படுக்கையெல்லாம் இந்த ஊருக்கு யாரு இழுத்துட்டு வந்தா? எங்க மாடுதான். எங்க குடும்பத்துல ஓடிப்போகாத ஒரே ஆம்பிளை அது. முடியாதுன்னா சொல்லிரு நெவில். அடுத்த வாரத்துலேர்ந்து புல்லை நீயே வெட்டிக்கோ."

நெவில் ஸ்கோனைப் பார்த்தார். ஜன்னல் வழியே புல்லைப் பார்த்தார். கையைத் தூக்கினார். மற்றவர்களும் தூக்கினார்கள்.

கூட்டம் முடிந்த பிறகு டல்சி மறுபடி தன் இடத்தில் படுத்துப் பார்த்தார். கண்ணை மூடினார், திறந்தார். தலையைத் திருப்பிப் பக்கத்து மேட்டின் அகலத்தைக் கண்ணால் அளந்தார். பிறகு தொப்பியைப் பிடித்துக்கொண்டு, மாட்டுக்கு இடம்விட்டு ஒரு முழம் தள்ளிப் படுத்தார்.