கையெழுத்தே போடாத ஆர்பிட்ரேஷன்

1. கோர்ட்டில்

எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே ஒரு தாளோடு எழுந்தார். "ஆர்டர் கண்டிஷன்ல, தகராறுன்னா தனி நடுவர்கிட்டதான் போகணும்னு ஆர்பிட்ரேஷன் கிளாஸ் இருக்கு. இந்த வழக்கு இங்க நடக்கக் கூடாது" என்றார்.

அப்போது நான் ஓசூரில் ஒரு பிரஸ் ஷாப்பில் மேனேஜர். முதலாளி முனிராஜ் தளியில் இருந்த நிலத்தை விற்று ஒரு டை செய்திருந்தார். தகட்டை அடித்து வடிவம் கொடுக்கும் அச்சு அது. கஸ்டமர் கம்பெனி டிரையலுக்கென்று வாங்கிப் போனது, திருப்பித் தரவில்லை. நாங்கள் அடித்து அனுப்பிய பாகங்களில் பல தேறவில்லை என்று தகராறு. "ரிஜெக்‌ஷன் விவகாரம் முடியற வரைக்கும் டை இங்கதான்" என்றார் அவர்களுடைய பர்சேஸ் ஹெட். அது இல்லாமல் எங்கள் பிரஸ் ஓடாது. அதனால்தான் கோர்ட்டுக்கு வந்தோம்.

"ஐயா, நான் எங்கயும் கையெழுத்தே போடலீங்களே!" என்று முனிராஜ் கத்திவிட்டார்.

நீதிபதி நிதானமாகக் கேட்டார்: "கம்பெனியோட ஆன்லைன் போர்ட்டல்ல ஆர்டரை அக்செப்ட் பண்ணது யாரு?"

தட்டினது நாங்கள்தான். எங்கள் ஏரியாவில் சரக்கு சப்ளை செய்யும் எந்த வெண்டர் ஆபீசிலும் காலையில் முதல் வேலை அதுதான். டீ வருவதற்குள் எல்லா ஆர்டருக்கும் அக்செப்ட் தட்டிவிடுவோம். தட்டாவிட்டால் வண்டிக்கு கேட் பாஸ் வராது. கண்டிஷனை எவன் படித்தான்? அந்தத் தட்டலே சம்மதம் என்று சொல்லி, நீதிபதி எங்களை ஆர்பிட்ரேஷனுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

2. நடுவர் யார்?

வெளியே வந்ததும் எங்கள் வக்கீல் சாந்தி மேடம் கிளாஸை முழுசாகப் படித்தார். நடுவராக இருக்க வேண்டியவர் யார் தெரியுமா? அதே பர்சேஸ் ஹெட்!

"அடப்பாவிங்களா! டைய வெச்சிக்கினு தர மாட்டேன்னவனே தீர்ப்பு சொல்வானா?" என்றார் முனிராஜ்.

கிளாஸே செல்லாது என்று ஹைகோர்ட் வரை போனோம். அங்கே கிளாஸ் செல்லும், அந்த ஆள்தான் செல்லாது என்றார்கள். ஓய்வு பெற்ற ஒரு நீதிபதியை நடுவராகப் போட்டார்கள். அதற்குள் இரண்டு மழைக்காலம் போய்விட்டது.

3. டை வந்தது

முதல் விசாரணையிலேயே நடுவர் கேட்டார்: "டைய பத்திரமா வைக்கணும்னு கோர்ட்ல இடைக்கால உத்தரவு வாங்கினீங்களா? கிளாஸ் இருந்தாலும் அதுக்கு கோர்ட்டுக்குப் போகலாமே?"

வாங்கவில்லை. கிளாஸை உடைக்கிற வேகத்தில் சாந்தி மேடம் உட்பட எங்கள் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

டையைத் திருப்பித் தர உத்தரவாயிற்று. லாரி வந்ததும் தார்பாயை இழுத்தோம். இத்தனை நாளும் வெட்டவெளி யார்டில் போட்டு வைத்திருக்கிறார்கள். வெட்டும் விளிம்பெல்லாம் துரு தின்று பல் பல்லாக நின்றது.

ஆர்டரை அக்செப்ட் பண்ணுமுன் படியுங்கள். தகராறு என்று வந்தால், கிளாஸ் செல்லுமா என்று சண்டை போடுவதற்கு முன்னால் பொருளைக் காப்பாற்ற உத்தரவு கேளுங்கள். நான் கற்றது இவ்வளவுதான்.

முனிராஜ் டையைத் தடவினார். உள்ளங்கை செம்மண் நிறமாகிவிட்டது. டெலிவரி சலானோடு நின்ற டிரைவரைப் பார்த்து, "இது என் டை இல்லீங்க, வேற யாரோடதையோ மாத்தி எடுத்தாந்துட்டீங்க" என்றார்.

அதன் பக்கவாட்டில் முனிராஜுடைய மகள் பெயர் பொறித்திருந்தது.