வேதவல்லி டீச்சரின் மஞ்சள் நாள்கள்

கருவூலத்தில் நேர்காணல் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். ஓய்வூதியக்காரர்கள் ஆண்டுக்கு ஒருமுறை நேரில் போய், இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம் என்று முகத்தைக் காட்டிவிட்டு வருகிற சடங்கு அது. எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் இருக்கும்போது வேதவல்லி டீச்சரின் மகள் போனில் கூப்பிட்டாள். “சித்தி, அம்மா காலம்பற போயிட்டாவ” என்றாள். வரிசையை விட்டு விலகி, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன். தன் சாவுச் செய்தி எனக்கு இந்த வரிசையில்தான் வந்து சேர்ந்தது என்று தெரிந்தால், டீச்சர் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

ராஜபாளையத்தில் எங்கள் பெண்கள் பள்ளியில் படித்தவர்கள் வாசலில் மாட்டியிருந்த சின்னக் கரும்பலகையை மறந்திருக்க மாட்டார்கள். ‘இன்று’ என்று தலைப்பு. அதன் கீழே கணக்கிலும் அறிவியலிலும் பேர் வாங்கியவர்களின் பிறந்தநாள், நினைவுநாள், ஏதாவது கண்டுபிடித்த நாள். எண்பதுகளின் நடுவில் நான் தமிழாசிரியையாக வேலைக்குச் சேர்ந்தபோதே அந்தப் பலகை கணக்கு டீச்சரான வேதவல்லியின் கையில் இருந்தது. என்னைவிட நான்கு வயது மூத்தவர். இருவருக்கும் வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். தினமும் ஒரே பஸ், ஒரே சீட்டு.

பேர் பெற்றவர்கள் யாரும் பிறக்கவோ சாகவோ செய்யாத நாள்களும் வருமல்லவா? அப்படிப்பட்ட நாள்களில் டீச்சர் மஞ்சள் சாக்பீஸை எடுப்பார். வெள்ளையில் எழுதினால் நடந்தது, மஞ்சளில் எழுதினால் டீச்சர் கற்பனை செய்தது. இது பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்த வழக்கம். “பூஜ்யத்துக்கு இன்று பிறந்தநாள். வயது கேட்காதீர்கள்” என்று ஒருநாள் இருக்கும். இன்னொரு நாள், “கொடியில் போட்ட பேண்டேஜ் துணி வெயில் இல்லாமலும் காய்கிறதே, எப்படி என்று யோசித்த சத்திரப்பட்டி நெசவுக்காரப் பெண்ணின் நினைவுநாள்” என்று இருக்கும்.

“அக்கா, நீங்க வாத்தியார் வேலைக்கு வந்ததுக்குப் பஞ்சாங்கம் எழுதப் போயிருக்கலாம்” என்று நான் கேலி செய்வேன்.

“போடி. ஆப்பிள் விழுந்தவருக்குத் தேதி எழுதி வச்சிருக்காவ. நம்ம ஊர்ல மாங்கா விழுந்தப்போ எவளாவது ஒருத்தி ஏன்னு கேட்டிருப்பால்ல? அவளுக்கு ஒரு நாள் வேண்டாமா?” என்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பள்ளி ஆண்டு மலரை என்னிடம் ஒப்படைத்தார்கள். பலகையில் வந்தவற்றில் நல்லவற்றைத் தொகுத்து, ‘தொகுப்பு: வேதவல்லி’ என்று இரண்டு பக்கம் போடலாம் என்றேன். அவரும் சரி என்றார். “அச்சுக்குப் போறதுக்கு முந்தி என்கிட்ட ஒருக்கா காட்டு” என்றும் சொன்னார். நான் காட்டவில்லை. தமிழாசிரியைக்குப் பிழை பார்க்கத் தெரியாதா என்கிற கிறுக்குதான். பலகையிலிருந்து அவ்வப்போது என் நோட்டில் குறித்து வைத்ததெல்லாம் நீலப் பேனாவில் இருந்தன. எது வெள்ளை, எது மஞ்சள் என்று நான் குறிக்கவே இல்லை. அச்சில் எல்லாம் ஒரே கறுப்பாக வந்தது.

அந்த ஆண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிகளுக்கிடையே வினாடி வினா நடந்தது. மம்சாபுரத்திலிருந்து வருகிற முத்துமாரி என்ற ஒன்பதாம் வகுப்புப் பெண் எங்கள் பள்ளிக்காகக் கடைசிச் சுற்றுவரை வந்துவிட்டாள். “நிழலை வைத்து உயரமான கட்டடத்தை முதலில் அளந்தவர் யார்?” என்று கேட்டார்கள். பிரமிடை அளந்த கிரேக்க அறிஞர் ஒருவரின் பெயரை எதிர்பார்த்திருக்கிறார்கள். முத்துமாரி மைக்கைப் பிடித்துக்கொண்டு, “செங்கமலம், ஸ்ரீவில்லிபுத்தூர். பெரிய கோபுரத்தை அளந்தாங்க” என்று கணீரென்று சொன்னாள்.

மண்டபமே சிரித்தது. செங்கமலம், வேதவல்லி டீச்சர் மஞ்சளில் எழுதிய கற்பனை மனுஷி. எங்கள் மலரில் பதினோராம் பக்கத்தில், நிழலை வைத்துக் கோபுரத்தை அளந்தவள் என்று அவளுடைய நினைவுநாள் கறுப்பு மையில் இருந்தது.

மறுநாள் தலைமை ஆசிரியை மலரைத் தூக்கி மேஜைமேல் போட்டார். தெலுங்கு வீட்டுக்காரர். கோபம் வந்தால் தெலுங்கில்தான் தொடங்குவார். “ஏமிட்டம்மா இதி? இல்லாத பொம்பளைக்கு நினைவுநாளா?” அந்தப் பக்கத்தில் இருந்தது வேதவல்லியின் பெயர். ஆகவே மூன்று நாளில் விளக்கம் தரச் சொல்லி அவருக்குத்தான் குறிப்பாணை வந்தது. தலைமை ஆசிரியை பதவி உயர்வுக்கு டீச்சரின் பெயர் பட்டியலில் இருந்த நேரம். விளக்கம் சரியில்லை என்றால் பெயர் போய்விடும்.

அன்று மாலை பஸ்ஸில் டீச்சர் சொன்னார்: “மலரை அச்சுக்குக் குடுத்தது யாருன்னு அந்த விளக்கத்துல நான் எழுத மாட்டேன். நீ எழுதுவியா மாட்டியான்னுதான் பாக்கேன்.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். மகள் கணக்கில் முட்டை வாங்கிய கதையைச் சொன்னார். எனக்குப் பயம். புது வேலை இல்லைதான், ஆனாலும் பயம். வீட்டில் சொன்னால் ‘வாயை மூடிக்கிட்டு இரு’ என்பார்கள் என்று தெரிந்ததால் வீட்டிலும் சொல்லவில்லை. டீச்சர்மேல் எரிச்சலாகக்கூட வந்தது. திட்டித் தொலைத்தால் தேவலை என்றிருந்தது. மூன்றாம் நாள் மதிய இடைவேளையில், டிபன் பாக்ஸைத் திறக்காமல், தவறு என்னுடையது, டீச்சர் காட்டச் சொல்லியும் நான் காட்டவில்லை என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. மலர்ப் பொறுப்பும் போயிற்று. டீச்சரின் பெயர் பட்டியலில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் மம்சாபுரம் போனோம். முத்துமாரியின் அப்பா பட்டாளத்தில் இருந்தார். அம்மா களத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். “எம்புள்ள நாலஞ்சு நாளா சோறு திங்கல டீச்சர். ஊரே செங்கமலம், செங்கமலம்னு கூப்பிடுது” என்றார். நான் முத்துமாரியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. வேதவல்லி டீச்சரைத்தான் பார்த்தாள்.

“அப்ப அந்தம்மா அளக்கவே இல்லையா டீச்சர்?”

“இல்லம்மா.”

“வேற யாராச்சும் அளந்தாவளா?”

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. “தெரியலையே தாயி. அளப்போமா?”

அடுத்த ஞாயிறு மாலை மூன்று பேரும் கோபுரத்தின் முன்னால் நின்றோம். ஒரு மீட்டர் குச்சியை நட்டு அதன் நிழலை அளந்தோம். அதே சமயத்தில் கோபுர நிழலையும் சணல் கயிறு பிடித்து அளந்தோம். பால்கோவா வாங்க வந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். கணக்குப் போடும்போது முத்துமாரி, “டீச்சர், உச்சி நடுவுலல்ல இருக்கு? அடியில பாதி அகலத்தையும் நிழலோட சேக்கணும்” என்றாள். எனக்கு அது மண்டையில் ஏறவே செத்த நேரம் ஆனது. டீச்சர் அவளைக் கட்டிக்கொண்டார். எங்களுக்கு வந்த விடை ஊரில் சொல்லுகிற உயரத்தோடு ஒத்துப்போகவில்லை. “சொன்னவன் எதை வச்சு அளந்தானோ” என்று டீச்சர் கிண்டலடித்தார்.

திங்கட்கிழமை பலகையில், முத்துமாரி கோபுரத்தை அளந்த செய்தி வெள்ளை எழுத்தில் இருந்தது. ஒன்பதாம் வகுப்பே அவளைத் தூக்கிக்கொண்டு ஆடியது.

அடுத்த ஆண்டு டீச்சர் தலைமை ஆசிரியையாகித் தளவாய்புரம் பக்கம் போனார். வழியனுப்பு விழா முடிந்து, நாங்கள் ஒன்றாகப் போன கடைசி பஸ்ஸில், மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். “அக்கா, அன்னைக்கு நான் எழுதிக் குடுக்காம இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?”

அவர் ஒப்புக்குப் பேசுகிறவர் இல்லை.

“ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டேன். உன்கூடத்தான் வந்திருப்பேன், போயிருப்பேன். பேச்சு கொறஞ்சிருக்கும்.”

அதன் பிறகு அவர் வேறு ஊர், நான் வேறு பள்ளி. முதலில் கடிதம், பொறவு தொலைபேசி. போன மாதம்கூட, மூச்சு வாங்க வாங்க, முக்கால் மணி நேரம் வம்பளந்தார். பலர் என்னை மெச்சியிருக்கிறார்கள், சில பரிசுகளும் வீட்டில் இருக்கின்றன. எனக்கென்று நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான்: எங்களுக்குள் கடைசிவரை பேச்சு குறையவில்லை.