கசெற் அட்டையில் இருந்த வரி

இதை எழுத இன்றும் வெட்கமாக இருக்கிறது. அப்போது நான் பருத்தித்துறைக்கு அருகே எங்கள் சனசமூக நிலையத்தின் செயலாளர். ஆண்டு விழாவுக்கு வீடியோவில் படம் காட்டத் தீர்மானித்தோம். நெல்லியடி மாஸ்ரர் ஒருவர் உள்ளூர் ஆட்களை நடிக்கவைத்து எடுத்த படத்தின் கசெற் என் மச்சான் வீட்டில் இருந்தது. அதன் அட்டையில், "வீட்டில் பார்க்க மட்டும். பொதுவில் காட்டுவதானால் என்னிடம் கேட்கவும்" என்று மாஸ்ரர் எழுதியிருந்தார்.

"ஒருக்கா கேப்பமே?" என்றார் தலைவர்.

"எங்கடை ஆள்தானே அண்ணை, ஒண்டும் சொல்லமாட்டார்," என்றேன். படத்தை நான் முன்கூட்டிப் பார்க்கவுமில்லை.

விழாவன்று பின்னேரம் மண்டபம் நிறைந்திருந்தது. படத்தில் பஸ் கொண்டக்டராக ஒரு பொடியன் சிரித்தபடி வந்து பேசத் தொடங்கினான். முன்வரிசையில் இருந்த மரியம்மா அக்கா எழுந்துபோய்த் தொலைக்காட்சிப் பெட்டியைத் தடவினார். கடலுக்குப் போய்த் திரும்பி வராத அவருடைய மகன் அவன். மகன் படத்தில் நடித்தது அவருக்குத் தெரியாது. நான் பதறிப்போய் வீடியோ டெக்கை நிறுத்தினேன்.

"ஏன் தம்பி நிப்பாட்டினனீர்? அவன் இன்னும் கதைச்சு முடிக்கேல்லை," என்றார் அக்கா.

மறுநாள் மாஸ்ரரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"காசுக்காக அதை எழுதேல்லை, தம்பி. கேட்டிருந்தால், அந்தத் தாய்க்கு முதலிலை தனியக் காட்டியிருப்பன்," என்றார்.

இப்போது எங்கே படம் காட்டுவதானாலும், எடுத்தவருக்கு எழுதிப் பதில் வந்தபிறகே காட்டுகிறேன். நடித்தவர்களில் இப்போது உயிரோடு இல்லாதவர்கள் யாராவது உண்டா என்றும் அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடுகிறேன்.