மாதா தங்கிய வீடு

எங்கள் ஜெபக்குழுவில் மாதா வீடு வீடாகப் போய்த் தங்குவார். கிள்ளானில், எங்கள் தாமான் குடியிருப்பில் இருந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து வைத்துக்கொண்ட வழக்கம் அது. நீல முக்காடு போட்ட சுரூபம் ஒரு வீட்டில் ஒரு வாரம் இருக்கும். தினமும் சாயங்காலம் எல்லோரும் அங்கே கூடி ஜெபமாலை சொல்வார்கள். வீட்டுக்காரர்கள் மீகூன் நூடுல்ஸும் தேநீரும் கொடுப்பார்கள். வாரம் முடிந்ததும் மெழுகுவர்த்தி ஏந்திப் பாட்டுப் பாடி அடுத்த வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். மீகூன் நன்றாக இருந்த வீட்டில்தான் ஜெபமும் நன்றாக நடந்ததாக எங்கள் அத்தை சொல்வாள்.

மாதா எங்கள் வீட்டுக்கு வந்த வாரம்தான் புகைமூட்டமும் வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் சுமத்ராவில் காடு எரிந்தால் கிள்ளானில் நாங்கள் இருமுவோம். அது எங்களுக்குப் பழகியதுதான். ஆனால் அந்த வருடம் வந்த புகை வேறு மாதிரி. எதிர்வீட்டு வாசல் கேட்டுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. பட்டப்பகலில் தெருவிளக்கு எரிந்தது. பள்ளிவாசல் பாங்கும் கோயில் மணியும் எந்தப் பக்கமிருந்து வருகின்றன என்றே சொல்ல முடியாது; எல்லாமே எங்கள் கூரைக்கு மேலிருந்து வருவது போலிருக்கும். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த எனக்கு முதல் நாள் அது கொண்டாட்டமாகத்தான் இருந்தது.

மறுநாள் என் தம்பிக்கு மூச்சு முட்டியது. அவனுக்கு அப்போது நான்கு வயது. பிறந்ததிலிருந்தே இழுப்பு உண்டு. அடுக்களைத் தரையில் உட்கார்ந்துகொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினான். உதடு நாவல்பழ நிறத்துக்குப் போய்விட்டது. அம்மா அவனுடைய இழுப்பு மருந்து பம்ப்பைக் கையில் எடுத்தாள். எடுத்தவள், அதை அவன் வாயில் வைக்காமல் அப்படியே நின்றாள். ஒரு கணம்தான். பயத்தில் உடம்பு மரத்துப்போன அந்த ஒரு கணத்தை நான் பார்த்துவிட்டேன். பிறகு அப்பா அவனை அள்ளிக்கொண்டு காருக்கு ஓடினார். பெரிய ஆஸ்பத்திரியில் அவனைத் தூங்க வைத்து, தொண்டையில் குழாய் போட்டார்கள். ஓர் இயந்திரம் அவனுக்காக மூச்சு விட்டது. பிழைப்பானா என்று டாக்டர்கள் வாயைத் திறந்து சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் ஜெபமாலைக்கு வந்தவர்கள் அம்மாவுக்கு ஆறுதல் சொல்லத்தான் வந்தார்கள். ஆனால் வந்தவர்கள் அழுதார்கள். அம்மா அவர்களுக்கு டிஷ்யூ எடுத்துக் கொடுத்தபடி, விம்மிக்கொண்டிருந்த ஓர் ஆன்டியிடம் சொன்னாள்:

“ஆண்டவர் பாத்துக்குவாரு ஆன்டி, நீங்க அழாதீங்க. மாதாவே வீட்டுக்கு வந்திருக்காங்க, சும்மாவா வந்திருப்பாங்க?”

“உன்ன மாதிரி விசுவாசம் யாருக்குலா இருக்கு?” என்று அந்த ஆன்டி மூக்கைத் துடைத்துக்கொண்டார். அம்மா புன்னகை செய்தாள். மீகூன்கூட அன்றைக்கு இருந்தது. எப்போது செய்தாள் என்று எனக்குத் தெரியாது.

புகை இன்னும் கூடியது. வெளியே வரவேண்டாம் என்று வானொலியில் சொன்னார்கள். ஜெபக்குழு கூடுவது நின்றது. மாதா அடுத்துப் போக வேண்டியது பின்வரிசையில் இருந்த ஓர் அங்கிள் வீட்டுக்கு. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஜெபக்குழுவுக்கே அவர்தான் தலைவர். அவர் போன் செய்து, “புகை கொறையட்டும்மா, அப்புறம் ஊர்வலமா எடுத்துக்கலாம்லா” என்றார். வாரம் முடிந்தும் மாதா போகவில்லை. ஹாலில் ஜன்னல் இடுக்கு வழியாகப் புகை வருகிறதென்று அம்மா அவரை உள்ளறைக்கு மாற்றி, ஒரு மேசைமேல் வைத்து, கதவைச் சாத்தினாள்.

எனக்கு அந்தச் சுரூபத்தின் மேல் அதுவரை பயம் இருந்ததில்லை. ஒரு கண் இமையில் சாயம் உதிர்ந்திருந்ததால் மாதா அரைத்தூக்கத்தில் இருப்பது போலத் தெரிவார், அவ்வளவுதான். புகை வந்த பிறகு அவர் மேல் சாம்பல் படிந்தது. காலையில் அம்மா ஈரத்துணியால் துடைப்பாள். மத்தியானத்துக்குள் முக்காடு மறுபடி மங்கிவிடும். ஒருநாள் சாயங்காலம் அந்த அறைக்குள் எட்டிப் பார்த்தேன். மாதா சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

காலையில் அவர் கதவைப் பார்த்து நின்றது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அம்மா ஆஸ்பத்திரியில், அப்பா துறைமுகத்துக்குக் கொள்கலன் லோரி ஓட்டப் போயிருந்தார். எனக்குத் துணையாக வந்திருந்த அத்தை டிவி முன்னால் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். அத்தையைக் கேட்கலாம் என்று தோளைத் தொட்டேன். “தூங்க விடுலா” என்று புரண்டு படுத்தாள். மறுநாள் காலை மாதா மறுபடி கதவைப் பார்த்து நின்றார்.

ஆஸ்பத்திரியில் மத்தியானமும் சாயங்காலமும்தான் பார்க்க விடுவார்கள். இடையில் அம்மா வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஜெபம் பண்ணுகிறாள் என்று அத்தை குரலைத் தாழ்த்திப் பேசுவாள். சுரூபம் திரும்பியதைப் பார்த்த மறுநாள், நான் அந்தக் கதவருகே போய் நின்றேன். அம்மாவின் மெல்லிய ஜெபக் குரல் கேட்கும் என்று நினைத்திருந்தேன். கேட்டது வேறு ஒரு குரல்.

அடித்தொண்டையிலிருந்து வந்த, கரகரத்த குரல். ஆணா பெண்ணா என்றே சொல்ல முடியவில்லை. அந்தக் குரலை எங்கள் வீட்டில் நான் கேட்டதே இல்லை.

“உன் புள்ள துடிச்சப்ப நீ என்ன பண்ணே? நின்னு பாத்துக்கிட்டுதான இருந்தே? கல்லு மாதிரி நின்னியே. நீயெல்லாம் ஒரு தாயா?”

அடுக்களையில் அம்மா பம்ப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தக் கணம் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அன்று மாதா ஹாலில்தான் இருந்தார். அங்கிருந்து பார்த்தால் அடுக்களை நன்றாகத் தெரியும்.

பிறகு அதே குரல் இன்னும் தாழ்ந்து வந்தது.

“போ. இந்த வீட்ட விட்டுப் போயிடு. உன் மூஞ்சியே எனக்குப் பாக்க வேணாம்.”

நான் ஓடிப்போய் அத்தையின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன். அம்மா வெளியே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. புகை என்றாள். அம்மாவை அது விரட்டுகிறது. அம்மா போய்விட்டால் தம்பியும் போய்விடுவான். எனக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. அந்த வயதில் எனக்கு எல்லாமே பளிச்சென்றுதான் விளங்கும், பெரும்பாலும் தப்பாக.

மறுநாள் மத்தியானம் அம்மா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள், அத்தை கண்ணயர்ந்தாள். நான் உள்ளறைக்குப் போனேன். மாதா அன்றைக்கு இன்னும் சுவரைப் பார்த்துதான் நின்றார். பின்னாலிருந்தே கட்டிப்பிடித்துத் தூக்கினேன். கைக்குழந்தை கனம்தான் இருக்கும். சுரூபத்தின் முகம் எனக்கு முன்னால் போக, என் முகம் முக்காட்டுக்குப் பின்னால் புதைந்திருக்க, கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

வெளியே பகலும் இல்லை, இரவும் இல்லை. வெளிச்சம் மஞ்சளாக இருந்தது. நடக்க நடக்கப் பழக்கமான வீடுகள் திடீரென்று பக்கத்தில் முளைத்தன, மறுபடி காணாமல் போயின. என் காலடிச் சத்தம் எனக்குப் பின்னாலிருந்து கேட்டது. சுரூபம் என் கைக்குள் பேசிவிடுமோ என்பதுதான் பெரிய பயம். பேசவிடக் கூடாதென்று நானே ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லிக்கொண்டு போனேன். யாரைப் பார்த்துப் பயந்தேனோ அவரிடமே காப்பாற்றச் சொல்லிக் கேட்டேன், வேறு யாரைத் தெரியும் எனக்கு?

எதிரே மோட்டார் சைக்கிள் விளக்கு ஒன்று வந்தது. எங்கள் மேல் வெளிச்சம் விழுந்ததும் ஓட்டியவன் பிரேக் போட்டு இன்ஜினை நிறுத்தினான். நான் நிற்காமல் நடந்தேன். கடந்து போகையில் ஓரக்கண்ணால் பார்த்தேன். அவன் தலைக்கவசத்தைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான். புகையில் அவனுக்கு நான் தெரியவில்லை, நீல முக்காடு போட்டு மிதந்து வந்த மாதாதான் தெரிந்தார் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. பின்வரிசை அங்கிள் வீட்டு வாசல் நாற்காலியில் சுரூபத்தை வைத்து, மணியை அழுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா வந்தாள். குளித்தாள். உள்ளறைக் கதவைத் திறந்தாள். மூடவில்லை. நான் எட்டிப் பார்த்தபோது வெறும் மேசைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“போன்னு சொன்னேன்,” என்றாள், என்னிடம் இல்லை, மேசையிடம். “போயிட்டாங்க. என் புள்ளையையும் கூட்டிட்டுப் போயிடுவாங்க.”

அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“இல்லம்மா. நான்தான் தூக்கிட்டுப் போனேன். அங்கிள் வீட்ல வச்சிட்டேன்.”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். “ஏன்?”

“அது உங்கள திட்டுச்சு. நீ எல்லாம் ஒரு தாயான்னு கேட்டுச்சு. வீட்ட விட்டுப் போன்னு சொல்லுச்சு. நான் கேட்டேன்மா.”

அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. என்னை இழுத்து மடியில் புதைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து, முகமூடியும் போடாமல் செருப்பும் போடாமல், என் கையைப் பிடித்துக்கொண்டு புகைக்குள் இறங்கினாள்.

அங்கிள் வீட்டில், வெளியே வரக்கூடாது என்ற உத்தரவையெல்லாம் காற்றில் விட்டுவிட்டு ஜெபக்குழுவில் பாதிப்பேர் கூடியிருந்தார்கள். மெழுகுவர்த்தி எரிந்தது. அங்கிள் முழங்காலில் நின்றுகொண்டிருந்தார்.

“நாங்க யாரும் எடுத்துட்டு வரலம்மா,” என்றார். “அவங்களாவே நடந்து வந்துட்டாங்க. மோட்டார்ல போன பையன் கண்ணால பாத்திருக்கான்லா!”

அம்மா என்னைப் பார்த்தாள். அங்கே கூடியிருந்தவர்களைப் பார்த்தாள். அவர்களுக்கும் வீட்டில் நோயாளிகள் இருந்தார்கள், இருமுகிற குழந்தைகள் இருந்தார்கள். அவள் எதையும் மறுக்கவில்லை.

“சரிங்க அங்கிள். ஆனா எங்க வீட்ல அவங்களுக்கு இன்னும் வேலை முடியல. நான் கூட்டிட்டுப் போறேன்.”

யாரும் தடுக்கவில்லை. அம்மா சுரூபத்தை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். வரும் வழியில் நான் அவள் சட்டை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். தம்பியைத் தூங்க வைக்கும்போது தட்டுவதுபோல அவள் மாதாவின் முதுகைத் தட்டிக்கொண்டே வந்தாள். பாதி வழியில் பேசினாள்.

“கோவிச்சுக்காத. நீயும் என்ன பண்ணுவே, உன் கையிலயும் அன்னைக்கு ஒண்ணும் இல்லதான. தெரியாமப் பேசிட்டேன். என்கூடவே இரு, போயிடாத.”

அதே குரல். கதவுக்குப் பின்னால் கேட்ட அதே கரகரப்பு, அம்மாவின் வாயிலிருந்து வந்தது. நான் சட்டையை விட்டுவிட்டேன். சுரூபத்துக்குள் இருந்தது இப்போது அம்மாவுக்குள் புகுந்துவிட்டது என்று நினைத்தேன். புகைக்குள் முன்னால் போகிற அந்த முதுகு என் அம்மாவுடையதுதானா என்று சந்தேகம் வந்தது. இருந்தாலும் அங்கே தனியாக நிற்கவும் முடியாமல், கொஞ்சம் தள்ளியே நடந்து வீடு வந்து சேர்ந்தேன்.

தம்பி இன்னும் பல நாள் இயந்திரத்தில்தான் கிடந்தான். ஒருநாள் மழை பெய்தது, புகை கரைந்தது, அவன் கண் விழித்தான். மாதா நடந்ததால்தான் பிழைத்தான் என்று ஜெபக்குழு சொன்னது. அம்மா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இன்று தம்பி ஷா ஆலமில் வேலை செய்கிறான், அம்மாவைவிட உயரம். சுரூபத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்ததும் காலையில் மனம் கேளாமல் மறுபடி திருப்பியதும் அம்மாதான் என்று எனக்கு விளங்க வெகுகாலமானது. திட்டியவளும் அவள்தான், திட்டு வாங்கியது தன் மகன் சிலுவையில் துடித்ததை நின்று பார்த்த இன்னொரு தாய். ஊர் மெச்சிய அம்மாவின் விசுவாசம் அந்தப் புன்னகையில் இல்லை, சாத்திய கதவுக்குப் பின்னால் நடந்த அந்தச் சண்டையில்தான் இருந்தது. தன்னைக் கைவிட்டதாக நினைத்த ஒருத்தியை அவள் கடைசிவரை விடவில்லை.

மாதாவைத் திரும்பக் கொண்டுவந்த நாளிலிருந்து, தம்பி கண் விழிக்கும்வரை, அம்மா அந்த உள்ளறைக் கதவைச் சாத்தவே இல்லை. மத்தியானம் வந்து குளித்துவிட்டு மாதாவுக்கு முன்னால் உட்காருவாள். உட்கார்ந்ததும் பக்கத்தில் பாயைத் தட்டி, “வா, நீயும் வந்து உக்காரு. பயப்படாத, நான்தான்” என்று என்னைக் கூப்பிடுவாள். நான் அத்தையின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு மாட்டேன் என்று தலையாட்டுவேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருப்பாள், பிறகு திரும்பிக்கொண்டு, தனியாகவே பேச ஆரம்பிப்பாள்.